சவரிநாதனின் நாற்பத்தோரு பக்கங்கள்

காரைக்காலில் அருளானந்தம் நடத்திவந்த கடித ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு வாரம் ஆட்கள் வந்துபோனார்கள். 1987ஆம் வருஷத்தின் நடுப்பகுதி அது. பிரான்சில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடிதம், தூதரகத்துக்கு விண்ணப்பம், பிறப்புப் பதிவின் நகல் கேட்டு மனு என்று, பிரெஞ்சில் எழுத வேண்டியவற்றையெல்லாம் எழுதிக்கொடுக்கும் ஆபீஸ். பதினெட்டு வருஷமாக அங்கே தட்டச்சு செய்துவந்தவள் அற்புதம். கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள். நாற்பத்து மூன்று வயதில் புது இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, இரண்டே மாதத்தில் அதைக் கைவசப்படுத்திக்கொண்டாள்.

கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்ளத்தான் தெட்சிணாமூர்த்தியை வேலைக்கு எடுத்திருந்தார்கள். சுரக்குடி விவசாயி வீட்டுப் பிள்ளை, கணிதப் பட்டதாரி. கும்பகோணத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவன். பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது. கேபிளைச் செருகுவது, பிரிண்டரில் தாள் மாட்டுவது, கம்ப்யூட்டர் முரண்டுபிடித்தால் சமாதானப்படுத்துவது அவன் வேலை. தினமும் சைக்கிளில் வந்துபோவான். அற்புதம் அவனை ‘டேய் தெட்சிணா’ என்றுதான் கூப்பிடுவாள். அவனுக்கு அவள் அக்கா. அவன் கொண்டுவரும் புளிச்சோற்றில் பாதியை எடுத்துக்கொண்டு தன் மீன்குழம்பை நகர்த்துவாள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் சவரிநாதன் வந்தார். கோட்டுச்சேரிக்காரர், எழுபது வயது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாமில், சைகோனில் எட்டு வருஷம் இருந்தவர். ஊரில் அவரைச் சொல்தா சவரி, அதாவது சிப்பாய் சவரி என்பார்கள். கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. சைகோனில் அவருக்கு ஒரு பெண்குழந்தை இருந்தது. மரி என்று பெயர். அவளை ஐந்து வயதில் அங்கேயே விட்டுவிட்டு 1954இல் கப்பலேறியவர். மனைவி இருந்தவரை இந்தப் பேச்சை அவர் வாயால் எடுத்ததில்லை. மனைவி காலமான பிறகு, பழைய பட்டாளத்து நண்பர் ஒருவர் மூலமாக மகள் இருக்குமிடம் தெரிந்தது. பிரான்சில் தூலோன் நகரத்தில் ஆஸ்பத்திரி நர்சாக இருக்கிறாளாம்.

“அவளுக்கு ஒரு கடிதாசி எழுதணும்மா. கொஞ்சம் நீளமா இருக்கும்,” என்றார்.

செவ்வாயும் வெள்ளியும் பிற்பகலில் வந்து உட்காருவார். அவர் பிரெஞ்சில் மெதுவாகச் சொல்லச் சொல்ல, அற்புதம் அடித்துக்கொண்டே போவாள். சில நாள் ஒரு பக்கம் ஓடும், சில நாள் நாலு வரியோடு நின்றுவிடும். ஒருநாள் அற்புதம் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்ததைத் தெட்சிணாமூர்த்தி பார்த்தான். என்னவென்று கேட்கவில்லை.

அடித்தவரைக்கும் அச்செடுத்துக் கொடுக்கட்டுமா என்று அற்புதம் ஒருமுறை கேட்டாள்.

“வேணாம்மா. வீட்டுல மருமவ இருக்கா, பேரப் புள்ளைங்க இருக்கு. பாதிக் காகிதமா அங்க கெடக்க வேணாம். முழுசா முடியட்டும், நீ ஒருதரம் படிச்சுக் காட்டு, அப்புறம் ஒரே உறையில போட்டுடுவோம்,” என்றார்.

பிப்ரவரிக்குள் நாற்பத்தோரு பக்கம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வேலை பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டர் முரண்டுபிடித்தது.

“டேய் தெட்சிணா, டிஸ்க்குல பாதிக்கு மேல காலியா இருக்குங்குது. ஆனா புதுசா ஒரு கடிதாசிய சேவ் பண்ண மாட்டேங்குதுடா,” என்றாள் அற்புதம்.

அவனுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து எல்லாக் கோப்புகளையும் ஒரே இடத்தில், டிஸ்க்கின் முதல் அறையிலேயே கொட்டிவைத்திருந்தார்கள். அந்த அறை ஐந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புக்கு மேல் ஒன்றுகூட ஏற்காது. உள்ளே தனித்தனி அறைகள் போட்டு, கடிதத்தைக் கடிதத்தோடும் மனுவை மனுவோடும் பிரித்து அடுக்க வேண்டும். கையால் செய்தால் இரண்டு நாள் பிடிக்கும். பிறகும் மாதாமாதம் செய்தாக வேண்டும்.

அவனுக்கு வேறு வழி தெரியும். கையால் அடிக்கிற கட்டளைகளையெல்லாம் வரிசையாக ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டால், அந்தக் கோப்பின் பெயரைத் தட்டியதும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகத் தானே செய்துகொண்டு போகும். பேட்ச் ஃபைல் என்பார்கள். கும்பகோணத்தில் வாங்கிய புத்தகத்தை வைத்துக்கொண்டு பதினோரு வரியில் ஒன்றை எழுதினான். அதற்குச் ‘சுத்தம்’ என்று பெயர் வைத்தான்.

கோப்புகளுக்குப் பெயர் வைத்தவள் அற்புதம். அந்தக் கம்ப்யூட்டரில் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம். ஒரு புள்ளி வைத்து, வாலில் இன்னும் மூன்று எழுத்து போடலாம். அவள் ஆளின் பெயரை இங்கிலீஷில் எட்டு எழுத்தோடு வெட்டி, வாலில் ஊரைப் போட்டிருந்தாள். கோட்டுச்சேரிக்கு ஒரு வால், போலகத்துக்கு ஒரு வால். தெட்சிணாமூர்த்திக்கு அது ஒழுங்கில்லாததாகப் பட்டது. கடிதமென்றால் எல்லாவற்றுக்கும் கடிதம் என்று ஒரே வால் இருக்க வேண்டும் என்று நினைத்தான்.

“ஊர காரணமாத்தான்டா போட்டிருக்கேன்,” என்று அவள் ஒருதரம் சொல்லியிருந்தாள். அப்போது அவன் பிரிண்டருக்குள் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அற்புதம் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். தெட்சிணாமூர்த்தி ‘சுத்தம்’ என்று அடித்துத் தட்டினான். கம்ப்யூட்டர் கோட்டுச்சேரிக் கோப்புகளை நகலெடுத்துக் கடித அறையில் வாலை மாற்றி வைத்தது. அடுத்து நிரவி, அடுத்து போலகம். திரையில் பெயர்கள் சரசரவென்று மேலே ஓடின. எல்லாம் போய்ச் சேர்ந்ததும் பழைய இடத்தில் இருந்தவற்றை அழித்தது; எழுதும்போது தானாக உண்டாகிற பழைய நகல்களையும் அழித்தது. மூன்று நிமிஷத்தில் முடிந்தது. இரண்டு நாள் வேலை மூன்று நிமிஷத்தில். நாற்காலியில் சாய்ந்து அவன் தானாகச் சிரித்துக்கொண்டான்.

பழைய இடத்தில் இருந்த கடிதம் இருநூற்றுப் பதினான்கு. புது அறையில் எண்ணிப் பார்த்தபோது இருநூற்றுப் பதின்மூன்று இருந்தது. ஒன்று குறைகிறதே என்று ஒரு கணம் தோன்றியது. முதலில் எண்ணியதில்தான் தப்பு, நகலையும் சேர்த்து எண்ணியிருப்போம் என்று விட்டுவிட்டான்.

அற்புதம் திரும்பி வந்து பார்த்து, “அடேயப்பா!” என்றாள். பிறகு திரையைக் கிட்டப்போய்ப் பார்த்து, “ஊர் எங்கடா?” என்று கேட்டாள். “ஊர் இனிமே வேணாம்க்கா,” என்றான். அவள் மேலே ஏதோ கேட்க வாயெடுத்தபோது மனு எழுத ஆள் வந்துவிட்டது. மாலையில் அருளானந்தம், வந்திருந்த விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். “நம்ம பையன்தான் பண்ணினான். புதுச்சேரியில இருந்தே கூப்புடுவாங்க பாருங்க இவன,” என்று அவன் தோளில் தட்டினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சவரிநாதன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“இன்னைக்கி முடிச்சிடுவோம்மா,” என்றார்.

அற்புதம் சவரிநாதன் கோப்பைத் திறந்தாள். போலகம் சவரிநாயகத்தின் இரண்டு பக்கக் கடிதம் வந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அதே கடிதம்தான். பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். சவரி என்று அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை.

அவளுக்குப் பின்னால் நின்றிருந்த தெட்சிணாமூர்த்திக்கு உடனே புரிந்துவிட்டது. சவரிநாதன், சவரிநாயகம். இங்கிலீஷில் முதல் எட்டு எழுத்தும் ஒன்றே. வாலில் இருந்த ஊர்தான் இருவரையும் பிரித்துவைத்திருந்தது. வாலை வெட்டியதும், முதலில் போன நாதன்மேல் பின்னால் போன நாயகம் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“தெட்சிணா, ரெண்டு சவரியும் ஒண்ணாயிடுச்சோ? நேத்து நீ அடுக்கினியே…” என்று அவள் திரும்பினாள்.

அதற்குள் அருளானந்தம் எழுந்து வந்துவிட்டார். “என்னம்மா, என்ன ஆச்சு?”

நேற்று தோளில் தட்டிய கை இன்னும் அங்கேயே இருப்பதுபோல அவனுக்கு இருந்தது. “அப்படி ஆவாதுக்கா,” என்று அவன் வாய் சொன்னது. “ஒரே பேருல ரெண்டு இருந்தா கம்ப்யூட்டரே நிறுத்திக் கேக்கும். நேத்து காலையில நீங்க நாயகம் கடிதாசியத் தெறந்து திருத்துனீங்கல்ல? சேவ் பண்றப்ப பேரு மாத்திக் குடுத்திருப்பீங்க. இது மேலயே அது ஏறியிருக்கும்.”

கம்ப்யூட்டர் கேட்காது. அது அவனுக்குத் தெரியும்.

அற்புதம் தன் விரல்களைப் பார்த்தாள். “திருத்தினேன்… காலையில திருத்தினேன்தான்,” என்றாள் மெல்ல.

“புதுச்சேரியில நமக்குத் தெரிஞ்ச கம்பெனி இருக்கு. மெஷின அனுப்பிக் காட்டலாமா? ஏதாவது மீட்க முடியுமா?” என்று அருளானந்தம் அவனைக் கேட்டார்.

புதுச்சேரிக்குப் போனால் உண்மை வெளியே வந்துவிடும். “மேலயே எழுதிட்டா வராதுங்க. வீண் அலைச்சல்,” என்றான்.

பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சவரிநாதன் பிறகு கைத்தடியைத் தேடி எடுத்துக்கொண்டார்.

“வேணும்னு செஞ்சியா? போவட்டும்மா,” என்றார் அற்புதத்திடம்.

“ஐயா, நாளைக்கே வாங்க. எத்தன நாளானாலும் நான் மறுபடி அடிச்சுத் தர்றேன்,” என்று அவள் அழுதேவிட்டாள்.

அவர் வந்தார். இரண்டு செவ்வாய்க்கிழமை வந்து உட்கார்ந்தார். முதல் வரியைச் சொல்வார், நிறுத்துவார். “முப்பத்தி மூணு வருஷம் உள்ள கெடந்தது. ஒருதரம் வெளிய வந்துடுச்சு. இனிமே கூப்பிட்டா வரமாட்டேங்குதும்மா,” என்றார். கடைசியில் ஒன்றரைப் பக்கத்தில், நான் உன் அப்பா, உயிரோடு இருக்கிறேன், உன்னை மறக்கவில்லை என்று ஒரு கடிதம் போட்டார்கள்.

அற்புதத்தை யாரும் வேலையைவிட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் அவள் கை மாறிப்போயிற்று. ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை சேவ் செய்தாள். செய்துவிட்டு, செய்தோமா என்று மறுபடி பார்த்தாள். ஒரு பக்கம் அடிக்கிற நேரம் அரை நாள் ஆயிற்று. சித்திரை பிறக்கும் முன் அவளே போய் அருளானந்தத்திடம், “எனக்குக் கம்ப்யூட்டர் சரிப்படாதுங்க,” என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டாள். மாதா கோயில் பள்ளி அலுவலகத்தில் பழைய தட்டச்சு இயந்திரத்தோடு ஒரு வேலை கிடைத்தது. போகிற அன்று தெட்சிணாமூர்த்தியிடம், “நீ நல்லா வருவடா,” என்றாள். அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அருளானந்தம் சொன்னதுபோலவே ஆகஸ்டில் புதுச்சேரியில் ஒரு கம்பெனி அவனை எடுத்துக்கொண்டது. அங்கே அவனுக்கு மேலே இருந்தவள் அஜீசுன்னிசா. திருச்சியில் படித்தவள், அவனைவிட இரண்டு வயதுதான் கூட. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் முக்கியமான கோப்பை அழித்துவிட்டேன் என்று முகம் வெளிறி ஓடிவந்தார். அவள் ஒரு ஃப்ளாப்பியைப் போட்டு, இரண்டு மூன்று கேள்விக்குப் பதிலடித்து, போன கோப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள்.

தெட்சிணாமூர்த்தி பக்கத்தில் வந்து நின்றான். “எப்படிங்க வந்துச்சு?”

“அழிக்கறப்ப பேரோட முதல் எழுத்து மட்டுந்தாங்க போவுது. உள்ள இருக்கறது அப்படியே டிஸ்க்குல கெடக்கும், அந்த எடத்துல வேற ஒண்ண எழுதற வரைக்கும்.”

அவன் கும்பகோணத்தில் வேறு யாருக்கோ நடந்ததுபோல நடந்ததைச் சொன்னான். புது அறைக்குப் போன நகல்தான் இன்னொன்று மேலே ஏறி அழிந்தது. பழைய இடத்தில் இருந்த மூலக் கோப்பு அதற்குப் பிறகுதான் அழிக்கப்பட்டது. அவள் யோசித்துவிட்டு, “மறுநாளே மெஷின நிறுத்திட்டு இங்க கொண்டாந்திருந்தா பெரும்பாலும் முழுசாவே எடுத்திருக்கலாமே. ஏன் கொண்டுவரல அவங்க?” என்றாள்.

“தெரியலைங்க,” என்றான்.

தவறிச் செய்ததைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழி இருந்திருக்கிறது. அந்த வழியைத் தன் வாயால் அடைத்தது தான்தான். அதன்பிறகு ஐந்து மாதம் அதே கம்ப்யூட்டரை ஓட்டி, சவரிநாதன் சொன்னதன்மேல் மற்றவர்களைக் கடிதம் கடிதமாக எழுத விட்டவனும் அவன்தான்.

அப்படியும் உடனே போகவில்லை. தீபாவளிக்குப் போய்ச் சொல்லலாம் என்றான், பொங்கலுக்கு என்றான். 1989 பிப்ரவரியில்தான் பஸ் ஏறினான்.

பள்ளி அலுவலகத்தில் அற்புதம் மாற்றுச் சான்றிதழ் அடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “டேய் தெட்சிணா! எப்ப வந்த? இப்படித்தான் இளைச்சுப் போவியா?” என்றாள். இந்த முகத்தை இனி பார்க்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பதினோரு வரியை, வெட்டிய வாலை, புதுச்சேரிக்கு அனுப்ப வேண்டாமென்று தடுத்ததை.

அவள் இயந்திரத்திலிருந்து தாளை உருவி, மேசைமேல் வைத்து, கையால் நீவிவிட்டாள்.

“ஒரு வருஷமா என் கைய நானே நம்பல,” என்றாள். “ராத்திரி வீட்டு அடுப்ப அணைச்சுட்டுப் படுத்தா, அணைச்சேனா இல்லையான்னு எழுந்து எழுந்து பாக்கறேன். ஞாபகம் போவுதுன்னு நெனச்சேன். எங்கம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு. எனக்கும் ஆரம்பிச்சுடுச்சுன்னு நெனச்சேன்.”

“அக்கா, என்ன மன்னிச்சிடுங்க.”

“அவருகிட்ட போயி சொல்லுங்க,” என்றாள். அத்தனை நாளில் முதல்தடவையாக அவனை ‘சொல்லுங்க’ என்றாள். “நானும் வர்றேன். நீங்களே சொல்லணும்.”

கோட்டுச்சேரிக்குப் பஸ்ஸில் போகும்போது அவனுக்கு முன் வரிசையில் உட்கார்ந்தபடி, திரும்பாமலே சொன்னாள். மகளிடமிருந்து போன வருஷமே பதில் வந்திருக்கிறது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள்: போகிற அன்று என்னை ஏன் எழுப்பவில்லை?

“அத அவர் சொல்லியிருந்தாரு. முப்பதாம் பக்கம் வாக்குல வந்துச்சு. நான்தான் அடிச்சேன். ஆனா அடிக்கறப்ப வார்த்த கை வழியாப் போயிடுது, மனசுல நிக்கல. ஏதோ கொஞ்சம் ஞாபகம் இருக்கு. அத வெச்சு ஒரு தகப்பன் சொல்ற மாதிரி நானா எழுத முடியுமா? அவராலயும் திரும்பச் சொல்ல முடியல. பதிலே போவல.”

சவரிநாதன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பார்வை முழுவதும் போயிருந்தது. மருமகள் குழாயடிக்குப் போயிருந்த நேரம். தெட்சிணாமூர்த்தி தரையில் உட்கார்ந்து சொன்னான். அவருக்குக் கம்ப்யூட்டர் விஷயம் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நீ அதப் படிச்சியா தம்பி?” என்று கேட்டார் கடைசியில்.

“இல்லீங்க. எனக்குப் பிரெஞ்சு தெரியாது.”

“படிக்காமலேதான் எடுத்து அடுக்கினியா?”

“ஆமாங்க.”

“ம்,” என்றார். அதில் கோபம் இருந்ததா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. “யாராவது ஒருத்தராவது படிச்சிருக்கலாம்.”

தெருவில் மீன்கூடைக்காரி ஒருத்தி குரல் கொடுத்துக்கொண்டு போனாள். கிழவர் அற்புதம் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, “காகிதம் வெச்சிருக்கியாம்மா?” என்றார்.

அவள் பையிலிருந்து பள்ளி நோட்டு ஒன்றை எடுத்தாள். அவர் பிரெஞ்சில் சொன்னார். ஒரு வாக்கியம். நீண்ட இடைவெளி. இன்னொரு வாக்கியம். நாலாவது வாக்கியத்தின் நடுவில் குரல் நின்றுபோயிற்று. உதடு மட்டும் அசைந்தது. அவள் பேனாவைத் தூக்கிப்பிடித்தபடி காத்திருந்தாள். அவர் கையை அசைத்து, போதும் என்றார். அவள் எழுதியதைத் தணிந்த குரலில் படித்துக்காட்டினாள். அவர் தலையசைத்தார். தெட்சிணாமூர்த்திக்கு அதில் மரி என்ற பெயர் மட்டும் புரிந்தது.

கடைத்தெருவில் உறை வாங்கி, தபால் ஆபீசில் ஸ்டாம்பு ஒட்டி அற்புதமே கடிதத்தைப் போட்டாள். புதுச்சேரிக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று அவனுக்குத் தெரிந்ததையே சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

அவன் போய், பதில் வந்ததா என்று கேட்டு அவளுக்கு இரண்டு கடிதம் எழுதினான். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, ஆவணி மாதத்தில் ஒரு கார்டு வந்தது. தட்டச்சு செய்திருந்தாள். ‘பதில் வந்தது. அவருக்குப் படித்துக்காட்டினேன். அதில் என்ன எழுதியிருந்தது என்பது அவர்கள் இரண்டு பேருடைய விஷயம். தாங்கள் சுகமாக இருக்கவும்.’

அவன் அந்தக் கார்டை ஆபீஸ் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பிட வரவில்லையா என்று அஜீசுன்னிசா கேட்டாள். கொஞ்சநேரம் கழித்து வருகிறேன் என்றான்.